இந்தியத் தேனீக்குப் பெட்டி தேர்வும் ராணி வளர்ப்பும்

தேனீ வளர்க்கத் தொடங்குபவர் முதல் ஆண்டு இரண்டு பெட்டி வாங்குகிறார். அடுத்த ஆண்டு வேறு ஆசாரியிடம் இன்னும் மூன்று. ராணி வளர்த்துக் கூட்டம் பெருக்கலாம் என்று இறங்கும்போதுதான் ஒரு பெட்டியின் சட்டம், அதாவது ஈக்கள் அடை கட்டும் மரச்சட்டகம், இன்னொரு பெட்டியில் உட்காரவில்லை என்பது தெரியவரும். ராணி வளர்ப்பு முழுக்க முழுக்கச் சட்டத்தை இடம் மாற்றும் வேலை. இங்கிருந்து புழு அடை, அங்கிருந்து மகரந்த அடை, மூன்றாவதிலிருந்து ஈக்கள் என்று எடுத்துச் சேர்க்க வேண்டும். சட்டம் மாறிப் பொருந்தாத தோட்டத்தில் இதில் எதுவும் நடக்காது. அதனால் ராணி வளர்ப்பைப் பற்றிய பேச்சைப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்வது இந்தியத் தேனீக்கு, அதாவது பொந்திலும் புற்றிலும் பல அடை கட்டி வாழும் அடுக்குத் தேனீக்கு. பருவக் கணக்கு கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களை வைத்துச் சொல்லப்படுகிறது. இத்தாலியத் தேனீக்குப் பெட்டி, மெழுகுத் தாள் (அடை கட்ட வழிகாட்டியாகச் சட்டத்தில் பொருத்தும், அறை அச்சுப் பதித்த தாள்), நாள் கணக்கு எல்லாம் வேறு.

பெட்டியின் அளவு

தென் தமிழகத்தில் அதிகம் புழங்குவது நியூட்டன் பெட்டி. 1910களில் திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கேற்ப வடிவமைத்துப் பரப்பியது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபின் அந்த வட்டாரத்தில் பெட்டி செய்வதே ஒரு கைத்தொழிலாகிவிட்டது. நியூட்டன் பெட்டியின் புழு அறையில், அதாவது முட்டையும் புழுவும் வளரும் கீழ்ப்பெட்டியில், ஏழு சட்டம். சட்டத்தின் உள்ளளவு 20.6 செ.மீ. நீளம், 14.4 செ.மீ. உயரம். மேலே வைக்கும் தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் மட்டும் 6.2 செ.மீ. இந்தியத் தர நிர்ணயத்தின் ‘ஏ’ வகைப் பெட்டி பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், ஆனால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. இரண்டில் எது நல்லது என்று விவாதிப்பதில் பயனில்லை. உங்கள் ஊரில் கூட்டம் விற்பவர் எந்த அளவு வைத்திருக்கிறாரோ அதையே எடுங்கள். எடுத்தபின் மாறாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தேனீ இடைவெளி. இந்தியத் தேனீ நடமாட 7 முதல் 9 மி.மீ. போதும். அதைவிடக் குறைந்தால் ஈ நுழைய முடியாது, அந்தச் சந்தில் மெழுகுப் பூச்சி குடியேறும். அதிகமானால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும், சட்டத்தை உருவும்போது அடை கிழிந்து ராணியே நசுங்கும். கடையில் நின்றபடியே சோதிக்கலாம். சாதாரண எழுதும் பென்சில் சுமார் 7 மி.மீ. தடிமன். சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் பென்சில் தடையில்லாமல் இறங்க வேண்டும், சுண்டுவிரல் இறங்கக் கூடாது. சட்டத்தின் அடிக்கட்டைக்கும் அடிப்பலகைக்கும், மேல்கட்டைக்கும் தேன் அறைச் சட்டத்தின் அடிக்கும் இதே சோதனை. அடுத்து, ஏழு சட்டத்தையும் ஒட்டி நெருக்கி வைத்து, ஒரு மேல்கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அளந்து பாருங்கள். 31, 32 மி.மீ. இருந்தால் சரி. 35க்கு வந்தால் அது இத்தாலியத் தேனீக்கான இடைவெளியில் செய்த சட்டம். அதில் நம் தேனீ அடையை நேராகக் கட்டாது.

மெழுகுத் தாள் விஷயத்திலும் இதே ஏமாற்றம் நடக்கிறது. அடையில் இத்தாலியத் தேனீயின் வேலைக்கார ஈ வளரும் அறை சுமார் 5.4 மி.மீ. அகலம். சமவெளி இந்தியத் தேனீக்கு 4.3 முதல் 4.6 வரைதான். தாளில் பத்து அறையை வரிசையாக அளந்தால் 43 முதல் 46 மி.மீ.க்குள் வர வேண்டும். 54 வந்தால் வாங்காதீர்கள். அந்தத் தாளைக் கொடுத்தால் ஈக்கள் கடித்துத் துப்பிவிடும், அல்லது அதில் ஆண் அறை கட்டும். சரியான தாள் கிடைக்காவிட்டால் மேல்கட்டையின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மெழுகுப் பட்டை ஒட்டினாலே போதும். இந்தியத் தேனீக்குப் புது அடை கட்டுவதில் சலிப்பே கிடையாது.

ராணி மேலே தேன் அறைக்கு ஏறாமல் தடுக்கும் ராணித் தடுப்புத் தகடும் அப்படித்தான். இத்தாலியத் தேனீக்கான தகட்டின் கம்பி இடைவெளி 4 மி.மீ.க்குச் சற்று மேல். நம் ராணி அதில் சுலபமாக நுழைந்துவிடும்.

மரமும் மற்றதும்

பலா, அயினி, தேக்கு மூன்றும் நிற்கும். தேக்கு விலைக்கு ஏற்ற கூடுதல் பயன் எதுவும் தராது. பதப்படுத்தாத ரப்பர் மரம் மலிவு. ஆனால் இரண்டே மழையில் வளையும், வண்டு துளைக்கும். பலகை இழைத்தபின் 18 முதல் 22 மி.மீ. தடிமன் இருக்கட்டும். மெல்லிய பலகையில் உச்சி வெயில் நேரடியாக உள்ளே இறங்கும், வெப்பம் தாங்காத கூட்டம் பெட்டியை விட்டே பறந்து போகும். வெளிப்புறம் வெளிர் நிறச் சாயம் அடித்து, வாடை போகும்வரை இரண்டு வாரம் காயவிடுங்கள். உட்புறம் எதுவும் அடிக்கக் கூடாது.

தாங்கி முழங்காலுக்கு மேல், 60 முதல் 75 செ.மீ. உயரம். ஒற்றைக்கால் தாங்கி என்றால் காலில் கிரீஸ் தடவிய துணி சுற்றலாம். நான்கு கால் என்றால் ஒவ்வொன்றுக்கும் நீர் நிரப்பிய எறும்புக் கிண்ணம். கிண்ணத்தில் விழும் காய்ந்த இலை எறும்புக்குப் பாலமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மற்றபடி முகவலை, புகைப்பான், மெல்லிய கத்தி, மயிலிறகு அல்லது மென்தூரிகை. புகைக்கு உலர்ந்த தேங்காய் நார். இரண்டு ஊது ஊதினால் போதும். அதிகம் புகை போட்டால் இந்தியத் தேனீ அடையிலிருந்து உதிர்ந்து மூலையில் கொத்தாகத் தொங்கும், அதற்குள் ராணியைத் தேடுவது முடியாத காரியம்.

ராணி வளர்க்க நினைப்பவர் கூடுதலாக வாங்க வேண்டியது, புது ராணி கலந்து முட்டையிடும்வரை இருக்க, மூன்று சட்டம் பிடிக்கும் சிறு பெட்டிகள். ஐந்து கூட்டம் வைத்திருப்பவருக்கு நான்கு சிறு பெட்டியும் இரண்டு காலிப் பெரிய பெட்டியும் கையில் இருக்கட்டும். சிறு பெட்டியின் சட்டமும் பெரிய பெட்டியின் அதே சட்டம்தான். ‘குட்டிச் சட்டம்’ போட்ட அழகான சின்னப் பெட்டிகளைச் சிலர் விற்கிறார்கள். பிறகு அந்த அடையை எங்கே வைப்பது?

பழைய பெட்டி மலிவாக வந்தால் மரத்தை மட்டும் வாங்குங்கள், அடையோடு வாங்காதீர்கள். 1991, 92ல் தாய்லாந்து சாக்குப்புழு நோய் தென்னிந்தியாவுக்குள் வந்து இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. அது இன்றும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. நோய் கண்ட புழு, அறை மூடப்படும் தறுவாயில் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிரம்பிய பைபோல முழுசாக வரும். இது வைரஸ் நோய், மருந்து கிடையாது. பழைய பெட்டியின் மெழுகைச் சுரண்டி, சோடா உப்பு கலந்த கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உட்புறத்தைத் தீநாக்கால் இளம்பழுப்பாக வாட்டியபின் பயன்படுத்துங்கள்.

எப்போது தொடங்குவது

தென்மேற்குப் பருவமழை மாதங்கள் பஞ்ச காலம். அப்போது ராணி வளர்க்க முயல்வது சர்க்கரைக்கும் உழைப்புக்கும் நஷ்டம். செப்டம்பர் கடைசியில் மகரந்த வரத்து கூடும், அக்டோபரில் கூட்டம் பெருகத் தொடங்கும். அதிலிருந்து டிசம்பர் வரை ராணி வளர்ப்பதற்கும் கூட்டம் பிரிப்பதற்கும் உரிய காலம். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், அதுதான் பெரிய வரவு.

பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்த வரவைப் பிடிக்க ஜனவரி நடுவில் வயலுக்குப் போகும் ஈ வேண்டும். முட்டை ஈயாக 19, 20 நாள், வீட்டு வேலை முடித்து வெளியே பறக்க இன்னும் இரண்டரை வாரம். ஆக, புது ராணி டிசம்பர் முதல் வாரத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்க வேண்டும். புழு மாற்றிய (வேலைக்கார அறையின் இளம் புழுவை ராணி வளர்க்கும் மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்றிய) நாளிலிருந்து முட்டையிட மூன்று வாரம் என்றால், நவம்பர் நடுவுக்குள் புழு மாற்றிவிட வேண்டும். அதற்குப் பின் வளர்க்கும் ராணி அடுத்த ஆண்டுக்கு உதவுமே தவிர இந்த ஆண்டுத் தேனுக்கு உதவாது.

ஆனால் ராணியை மட்டும் நினைத்து நாள் குறித்தால் தவறிவிடும். ஆண் ஈ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள், அதன்பின் புணர்ச்சிக்குத் தயாராக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். ராணிக்கோ புழு மாற்றியதிலிருந்து பறக்கும்வரை பதினெட்டு நாள்தான். ஆண் ஈ இல்லாத வானத்தில் ராணி பறந்து என்ன பயன்? நல்லவேளையாக, இந்தியத் தேனீ ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அதன் ஆண் அறையின் மூடியை உற்றுப் பாருங்கள். முதலில் சாதாரண மெழுகு மூடி. சில நாளில் வேலைக்கார ஈக்கள் மேல் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடும். அடியில் கூம்பு வடிவில் கெட்டியான பழுப்பு மூடி, அதன் உச்சியில் ஊசியால் குத்தியதுபோல ஒரு சிறு துளை. இத்தாலியத் தேனீயில் இந்தத் துளை கிடையாது. குறைந்தது இரண்டு மூன்று கூட்டங்களில் இப்படித் துளை தெரியும் ஆண் அறைகள் கைப்பிடி அளவுக்கு இருந்து, முதல் ஆண் ஈக்கள் வெளிவரத் தொடங்கும் நாளில் ராணி வளர்ப்பைத் தொடங்கினால் இரண்டு பக்கக் கணக்கும் பொருந்தும்.

எந்தக் கூட்டத்திலிருந்து

தேன் அதிகம் தந்த கூட்டம் என்பது மட்டும் போதாது. பெட்டியைத் திறந்தால் அடையில் ஓடாமல் நிற்கும் ஈக்கள், பஞ்ச காலத்தில் இடம் விட்டு ஓடாத கூட்டம், சுற்றிலும் சாக்குப்புழு வந்தபோதும் தாக்குப்பிடித்தது, இவைதான் முன்னால் வர வேண்டும். பிறகு புழு அடையைச் சோதியுங்கள். மூடிய புழுப் பரப்பில் பக்கத்துக்குப் பத்து அறையாக ஒரு சாய்சதுரம் மனதில் வரைந்தால் நூறு அறை அடங்கும். அதில் பத்துக்கும் குறைவாகக் காலி இருந்தால் நல்ல ராணி. மூன்றில் ஒரு பங்கு காலி, நோயும் இல்லை, ராணியும் இளசு என்றால் அது பெரும்பாலும் உறவுக் கலப்பு. நெருங்கிய உறவு ஆண்களோடு கலந்த ராணியின் முட்டைகளில் ஒரு பகுதி இரட்டைக் குரோமோசோம் ஆண் புழுவாகிவிடும், வேலைக்கார ஈக்கள் அவற்றைப் பொரித்தவுடனே தின்றுவிடும். அதனால்தான் எவ்வளவு நல்ல கூட்டமானாலும் எல்லா ராணியையும் ஒன்றிலிருந்தே எடுக்கக் கூடாது. மூன்று தாய்க் கூட்டமாவது மாற்றி மாற்றி வையுங்கள்.

மூன்று வழிகள்

*தானாகக் கட்டிய ராணி அறை.* அக்டோபர், நவம்பரில் பலமான கூட்டம் அடைகளின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோலத் தொங்கும் ராணி அறைகளைக் கட்டும். அறையின் நுனியில் மெழுகு போய்ப் பழுப்பான கூட்டுச் சவ்வு தெரிந்தால் முற்றியது என்று பொருள், ஓரிரு நாளில் ராணி வெளிவரும். அப்படி முற்றிய அறையைச் சுற்றிலும் இரண்டு செ.மீ. அடையோடு வெட்டி, ராணியில்லாத சிறு பெட்டியின் அடை நடுவில் குழி வெட்டிப் பொருத்தலாம். செலவே இல்லாத வழி, ராணியும் தரமானது. குறை ஒன்றுதான்: ஆண்டுதோறும் இதையே செய்தால், பிரிந்து போகும் குணம் அதிகமுள்ள கூட்டத்தையே நாம் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறோம். அவசரத்துக்கு நல்லது, வழக்கமாக்கிக்கொள்ளத் தக்கதல்ல.

*அடை விளிம்பு வெட்டுதல்.* பத்துக் கூட்டத்துக்குள் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் போதுமான வழி. தாய்க் கூட்டத்தின் புழு அறை நடுவில் வெறும் மெழுகுப் பட்டை ஒட்டிய சட்டம் ஒன்றை வையுங்கள். ஐந்தாறு நாளில் புது அடை கட்டி ராணி அதில் முட்டையிட்டிருக்கும். மேலே வயது கூடிய புழு, கீழ் விளிம்பில் முட்டை. முட்டை பொரிக்க மூன்று நாள். விளிம்புக்கு அருகே இப்போதுதான் பொரித்த புழு தெரியும் நாளில் அடையை எடுத்து, ஒரு நாள் வயதுப் புழு இருக்கும் வரிசை கீழ் விளிம்பாக வருமாறு கத்தியைச் சுடுநீரில் தோய்த்து வெட்டுங்கள். அந்த விளிம்பு வரிசையில் ஒரு அறையை விட்டு அடுத்த இரண்டு அறையின் புழுவைத் தீக்குச்சியால் நசுக்குங்கள். இல்லாவிட்டால் ராணி அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. இதை, ஒரு நாள் முன்பே ராணியை எடுத்துவிட்ட பலமான கூட்டத்தின் நடுவில் வையுங்கள்.

மூன்றாம் நாள் கட்டாயம் திறந்து பாருங்கள். ஒரு நாள் வயதுப் புழு ராணி அறையில் மூடப்பட நான்கு அல்லது ஐந்து நாள் ஆகும். மூன்றாம் நாளிலேயே மூடிய அறை இருந்தால், அது வயது கூடிய புழுவிலிருந்து அவசரத்துக்குக் கட்டியது. அதிலிருந்து வரும் ராணி சிறுத்து, முட்டைப்பை குறைந்து இருக்கும். ஆனால் அதுதான் முதலில் வெளிவந்து மற்ற அறைகளைக் கடித்துக் கொல்லும். அதைத் தயங்காமல் அழியுங்கள். கூட்டத்தின் மற்ற அடைகளின் விளிம்பிலும் முகத்திலும் திருட்டு அறை இருக்கிறதா என்று ஈயை உதறிப் பாருங்கள். ஒன்று தப்பினாலும் இரண்டு வார வேலை ஒரே காலையில் போய்விடும்.

*புழு மாற்றுதல்.* இருபது, முப்பது ராணி வேண்டுபவருக்கு. கிண்ணத்துக்கு உங்கள் கூட்டத்து மெழுகையே உருக்குங்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான், நேரடித் தீயில் கூடாது. 7 முதல் 8 மி.மீ. தடிமனில் நுனி உருட்டிய மரக்குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மெழுகில் 9 மி.மீ. ஆழம் தோய்த்து எடுங்கள். ஆறியதும் சற்றுக் குறைவான ஆழத்தில் இரண்டாம் முறை, இன்னும் குறைவாக மூன்றாம் முறை. அடி தடித்து, விளிம்பு மெலிந்த கிண்ணம் கிடைக்கும். குளிர்நீரில் முக்கித் திருகினால் கழன்றுவிடும். இத்தாலியத் தேனீக்கான பிளாஸ்டிக் கிண்ணம் நம் தேனீக்கு அகலம் அதிகம்.

ஒரு சட்டக் குறுக்குக் கட்டையில் பத்துப் பன்னிரண்டு கிண்ணம் ஒட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இந்தியத் தேனீக் கூட்டம் ஒரே நேரத்தில் நன்றாக ஊட்டி வளர்க்கும் அளவு அவ்வளவுதான். இருபது வைத்தால் இருபதையும் ஏற்கலாம், இருபதும் அரைவயிறாகத்தான் வளரும். கிண்ணச் சட்டத்தைப் புழு மாற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே வளர்ப்புக் கூட்டத்துக்குள், அதாவது கிண்ணத்துப் புழுவை ஊட்டி வளர்க்கப்போகும் கூட்டத்துக்குள், வைத்தால் ஈக்கள் விளிம்பைக் கடித்துச் சீராக்கி வைத்திருக்கும்.

புழு மாற்றும் வேலை காற்று வீசாத அறையில், ஈரத் துணி விரித்த மேசையில், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். எடுக்க வேண்டிய புழு முட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக, பால்போன்ற உணவில் மிதந்தபடி மெலிந்த பிறைபோல இருக்கும். முழு வட்டமாகச் சுருண்டு அறையின் அடியை நிறைத்துவிட்டால் வயது கடந்துவிட்டது. மிக மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியை ஈரமாக்கி, புழுவின் முதுகுப் பக்கமாக உள்ளே விட்டு, உணவோடு சேர்த்துத் தூக்கி, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்குமாறு கிண்ணத்தில் இறக்குங்கள். புழு புரண்டுவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். ஒரு பக்கச் சுவாசத் துளையில்தான் அது மூச்சு விடுகிறது, புரண்டால் உணவில் மூழ்கிச் சாகும். கிண்ணத்தில் முன்பே அரச பாகும் (ராணிப் புழுவுக்கு ஈக்கள் ஊட்டும் அந்தப் பால்போன்ற உணவு) வெதுவெதுப்பான நீரும் சமமாகக் கலந்து குண்டூசித் தலை அளவு வைத்தால் புழு இறங்குவது எளிது.

வளர்ப்புக் கூட்டம்தான் எல்லாம்

கை நடுங்காமல் புழு மாற்றுவது ஓரிரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் ராணியின் எடையைத் தீர்மானிப்பது கையல்ல, ஊட்டும் செவிலி ஈக்களின் எண்ணிக்கை. ஏழு சட்டத்தில் ஆறாவது ஈயால் மூடியிருக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். 24 மணி நேரம் முன்பு ராணியை இரண்டு சட்டத்தோடு சிறு பெட்டிக்கு மாற்றுங்கள். திறந்த புழு அடைகளை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, வெளிவரும் தறுவாயிலுள்ள மூடிய புழு அடைகளை வாங்கி வையுங்கள். ஊட்டப் புழு இல்லாத செவிலி ஈக்கள் எல்லாம் கிண்ணத்தை நோக்கி வரும். கிண்ணச் சட்டத்துக்கு ஒரு பக்கம் மகரந்த அடை கட்டாயம். அரச பாகு மகரந்தத்திலிருந்துதான் வருகிறது, சர்க்கரையிலிருந்து அல்ல. இருந்தாலும் தினமும் பொழுது சாயும் நேரத்தில் சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகு 200 மி.லி. வையுங்கள், வரத்து உண்டு என்ற நினைப்பு கூட்டத்துக்கு வரட்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும்.

அடுத்த நாள் அல்லது அதற்கு மறுநாள் பார்த்தால், ஏற்ற கிண்ணத்தின் விளிம்பில் புது மெழுகு ஏறியிருக்கும், உள்ளே வெள்ளைப் பாகு தெரியும். பத்தில் மூன்றே ஏற்றிருந்தால் புழு வயது கூடியதா, காய்ந்ததா, கூட்டத்தில் இன்னொரு ராணி ஒளிந்திருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே தேடுங்கள். மூன்றாவது காரணம் பலரும் நினைப்பதைவிட அதிகம்.

நான்கைந்து நாளில் அறைகள் மூடப்படும். அப்போதிருந்து, புழு மாற்றிய எட்டாம் நாள்வரை சட்டத்தைத் தொடாதீர்கள். உள்ளே புழு கூட்டுப்புழுவாகும் நேரம் அது. ஒரு குலுக்கல், ஒரு சாய்ப்பு போதும், இறகு சுருங்கிய ராணி வரும். ஒன்பதாம் நாள் அறைகளைச் சிறு பெட்டிகளுக்கு மாற்றுங்கள். பதினொன்று அல்லது பன்னிரண்டாம் நாள் ராணி வெளிவரும். ஒரு நாள் தாமதித்தாலும் முதலில் வரும் ராணி மற்றவற்றைத் துளைத்துவிடும்.

சிறு பெட்டி

அறை மாற்றுவதற்கு முதல் நாள் மாலை சிறு பெட்டிகளை நிரப்புங்கள். ஒரு மூடிய புழு அடை, ஒரு தேன், மகரந்த அடை, மூன்றாவது காலி. அதே தோட்டத்தில் வைப்பதானால் இன்னும் இரண்டு சட்டத்து ஈயைக் கூடுதலாக உதறிச் சேர்க்க வேண்டும். வயது ஈக்கள் மறுநாளே பழைய வீட்டுக்குப் போய்விடும், மிச்சமிருக்கும் இளம் ஈதான் கணக்கு. ஈ குறைந்த சிறு பெட்டியில் ராணி அறை இரவுக் குளிரில் கெடும். அறையை எப்போதும் நுனி கீழே இருக்கும்படி பிடித்து, இரண்டு அடைகளுக்கு நடுவில் புழுப் பரப்பின் மேல் பொருத்துங்கள். வாசலை ஒன்றிரண்டு ஈ போகுமளவுக்குக் கட்டையால் சுருக்குங்கள்.

கூட்டம் ஓடிவிடக் கூடாதென்று வாசலில் ராணித் தடுப்பு மாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. கலவிக்குப் போகும் சிறு பெட்டியில் அதை மாட்டிவிட்டு, ராணி ஏன் முட்டையிடவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடாமல் தடுக்கத் திறந்த புழு கொஞ்சம் கொடுங்கள். புழுவை விட்டு ஈக்கள் எளிதில் போகாது.

சிறு பெட்டிகளை வரிசையாக ஒரே திசை பார்த்து வைக்காதீர்கள். ஒன்று கிழக்கு, ஒன்று தெற்கு, ஒன்றின் முன்னால் ஒரு செங்கல், இன்னொன்றின் மேல் நீலத் துணி என்று வேறுபடுத்துங்கள். கலந்து திரும்பும் ராணி வீடு மாறி நுழைந்தால் அங்கேயே கொல்லப்படும்.

வெளிவந்த ஐந்து முதல் ஏழு நாளில் ராணி பறக்கும். இந்தியத் தேனீயின் ஆண் ஈக்கள் பிற்பகலில்தான் கிளம்பும். இலங்கையில் கவனித்துப் பதிந்ததில் மாலை 4.15க்கும் 5.15க்கும் இடைப்பட்ட நேரம். குமரியில் அக்டோபர், நவம்பர் பிற்பகல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, சரியாக அந்த நேரத்துக்குத்தான் இடி முழங்கும். மூன்று நான்கு வாரத்துக்குள் கலக்க முடியாத ராணி ஆண் முட்டை மட்டுமே இடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. எல்லா ராணியையும் ஒரே தேதியில் வளர்க்காமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தொகுதியாக வளர்த்தால் ஒன்றாவது வெயிலைப் பிடிக்கும். கரிச்சானும் பஞ்சுருட்டானும் தந்திக் கம்பியில் வரிசையாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு பெட்டி வைக்காதீர்கள். மெதுவாகப் பறக்கும் ராணி அவற்றுக்கு முதல் இரை. மூன்று ராணி வேண்டுமென்றால் ஐந்து சிறு பெட்டி வையுங்கள்.

ராணி வெளிவந்ததா என்று இரண்டாம் நாள் காலி அறையைப் பார்க்கலாம். நுனி வட்டமாகத் திறந்து மூடிபோலத் தொங்கினால் நல்லபடி வந்தது, பக்கவாட்டில் ஓட்டை என்றால் கொலை நடந்திருக்கிறது. அதற்குப்பின் பத்து, பன்னிரண்டு நாள் திறக்க வேண்டாம். கன்னி ராணி மிரண்டு பறந்துவிடும், அல்லது ஈக்கள் அதைச் சூழ்ந்து உருண்டையாகக் கட்டிக் கொன்றுவிடும். வாசலில் மகரந்தம் வருகிறதா என்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

திறக்கும் நாளில் ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். அறைக்கு ஒன்றாக, அடி நடுவில் நின்றால் சரி. ஓர் அறையில் மூன்று நான்கு, சுவரில் ஒட்டியபடி இருந்தால் அது வேலைக்கார ஈ இட்டது. இத்தாலியத் தேனீயைவிட நம் தேனீயில் இது விரைவாக வரும், ராணியும் திறந்த புழுவும் இல்லாமல் ஒரு வாரம் போனாலே சில கூட்டங்களில் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்துக்குப் புது ராணி கொடுத்து வீணாக்காதீர்கள். ஈயைப் புல்லில் உதறி, அடைகளை நல்ல கூட்டங்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள்.

முட்டையிடும் ராணியைப் பெரிய கூட்டத்துக்கு மாற்றும்போது அங்குள்ள பழைய ராணியைச் சில மணி நேரம் முன்பு எடுங்கள். புது ராணியைக் கூண்டில், பொடித்த சர்க்கரையைத் தேனில் பிசைந்து வாசலை அடைத்து, புழு அடைகளுக்கு நடுவில் வையுங்கள். ஈக்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்க ஒன்றிரண்டு நாளாகும், அதற்குள் வாடை பழகிவிடும். கூண்டின் கம்பியை ஈக்கள் கடித்தபடி இறுகப் பற்றிக்கொண்டிருந்தால் இன்னும் ஏற்கவில்லை. ராணிக்கு நாக்கு நீட்டி ஊட்டினால் ஏற்றுவிட்டது. முதுகில் புள்ளி வைப்பவர்கள் உலக வழக்கத்தையே பின்பற்றலாம்: ஆண்டு 1, 6ல் முடிந்தால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். சாயம் முழுக்கக் காய்ந்தபின்தான் விட வேண்டும்.

எடுத்த பழைய ராணியை உடனே நசுக்கிவிடாதீர்கள். சிறு பெட்டியில் இரண்டு சட்டத்தோடு வைத்திருங்கள். புது ராணியின் முட்டை புழுவாகி, அறை மூடி, அந்த மூடி தட்டையாக இருக்கிறதா குமிழாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நாள் ஆகும். வேலைக்கார அறையில் மூடி குமிழாக எழுந்தால் உள்ளே இருப்பது ஆண் புழு. அப்போது அந்தப் பழைய ராணிதான் கூட்டத்தைக் காப்பாற்றும்.